லிஃப்டில் ஏற யாருக்கு அனுமதி?

கேள்வி:

அன்புள்ள அக்கா, வெள்ளவத்தையில் ஏழு மாடித் தொடர்மாடி ஒன்றில் ஐந்தாம் மாடியில் சொந்த வீட்டில் இருக்கிறோம். பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள். மூன்று முஸ்லிம் குடும்பங்களும் முதலாம் மாடியில் வயதான சிங்களத் தம்பதியும் இருக்கிறார்கள். போன மாதம் கமிட்டி லிஃப்ட் வாசலில் ஒரு நோட்டீஸ் ஒட்டியது: 'வீட்டு வேலையாட்களும் டெலிவரி ஆட்களும் படிக்கட்டைப் பாவிக்கவும்.' எங்கள் வீட்டில் உதவிக்கு நிற்கும் அக்கா மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம். முழங்கால் வருத்தம். மார்க்கட் பையோடு ஐந்து மாடியும் ஏறுகிறார். அவரை நாங்கள் வீட்டு ஆள் மாதிரித்தான் வைத்திருக்கிறோம். அவருக்கென்று தனிக் கோப்பை, தட்டு, பாய், தலையணை எல்லாம் இருக்கிறது.

கூட்டத்தில் நான் எழும்பி, இது பாகுபாடு என்று சொன்னேன். கமிட்டித் தலைவர் ஐயா, "பிள்ளை, 83இல உடுத்த உடுப்போட கப்பல் ஏறிப் போனவன் நான். பாகுபாடு எண்டால் என்னெண்டு எனக்குப் படிப்பிக்கிறீரோ?" என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வட்ஸ்அப் குரூப்பில் இப்போது என்னை 'சமத்துவ அக்கா' என்று நக்கலடிக்கிறார்கள். என் கணவர், "உமக்கேன் தேவையில்லாத வேலை" என்கிறார். ஆறாம் மாடி நாய்கூட லிஃப்டில்தான் போகிறது! வருகிற மாதம் வருடாந்தப் பொதுக்கூட்டம். எப்படிக் கதைத்தால் இவர்களுக்கு விளங்கும்?

- பெயர் வேண்டாம், வெள்ளவத்தை

பதில்:

அன்புத் தங்கச்சிக்கு,

அவர்களுக்கு விளங்க வேண்டும் என்பதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். நோட்டீஸ் கழன்றால் போதும். ஒரு தொடர்மாடியில் இருக்கிற அத்தனை குடும்பத்தின் மனத்தையும் ஒரு பின்னேரக் கூட்டத்தில் மாற்ற யாராலும் முடியாது. சுவரில் ஒட்டிய கடதாசியை மாற்றலாம். நீங்கள் 'பாகுபாடு' என்றதும் அங்கே இருந்த ஒவ்வொருவரும் தன்னைக் கெட்டவன் என்று சொல்லிவிட்டதாக எடுத்துக்கொண்டிருப்பார்கள். அதற்குப் பிறகு லிஃப்டைப் பற்றி யார் கதைப்பார்கள்? தங்கள் மானத்தைப் பற்றித்தான் கதைப்பார்கள்.

ஆனால் கூட்டத்துக்கு முன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் கடிதத்தில் எல்லோரும் பேசுகிறார்கள்: நீங்கள், தலைவர் ஐயா, கணவர், வட்ஸ்அப்காரர்கள். ஐந்து மாடி ஏறுகிற அக்கா என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லை. கேட்டீர்களா?

கேட்காவிட்டால் இன்றைக்கே கேளுங்கள். அவருக்கு முழங்கால் நோகிறது, சரி. ஆனால் அவர் தினமும் காலையில் கேற்றடியில் செக்கியூரிட்டியைத் தாண்ட வேண்டும், மொட்டைமாடியில் உடுப்புக் காயப்போடும்போது மற்ற வீடுகளில் வேலை செய்கிற பெண்களோடு நிற்க வேண்டும். "அவவுக்காகத்தான் இந்தச் சண்டை" என்று ஊர் பேசத் தொடங்கினால், நாளைக்கு மூன்றாம் மாடியில் ஒரு மோதிரம் காணாமற்போகும்போது முதலில் யாரைப் பார்ப்பார்கள்? அந்தக் கணக்கை நாங்கள் போடுவதில்லை. அவர் தினமும் போடுகிறார். "வேண்டாம் அம்மா, பேசாம இருங்க" என்று அவர் சொல்லவும் கூடும். சொன்னால் அவரை இழுக்காமல் விதியைப் பற்றி மட்டும் கதையுங்கள். எப்படியும் அவருடைய முழங்காலைக் கூட்டத்தின் நடுவில் கொண்டுபோய் வைக்காதீர்கள். வைத்தால், "சரி, வருத்தக்காரருக்கு மட்டும் விடுவோம்" என்று இரக்கம் காட்டி முடித்துவிடுவார்கள். முழங்கால் நல்லாயிருக்கிற இருபத்தைந்து வயதுப் பெண்ணும் லிஃப்டில் வர வேண்டும் என்பதுதானே உங்கள் கேள்வி?

அப்புறம், அந்தக் கோப்பை. நீங்கள் பெருமையாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், அதனால் கோபிக்காமல் கேளுங்கள். வீட்டு ஆளுக்கு ஏன் தனிக் கோப்பை? உங்கள் மாமியாருக்குத் தனிக் கோப்பை வைத்திருக்கிறீர்களா? யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளில் ஒரு காலத்தில் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு உள்ளே இருக்க இடமும் இல்லை, மற்றவர்கள் குடிக்கிற கிளாசும் இல்லை. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. அது வந்த பிறகும் கடைக்குள் போய் இருப்பதற்குப் போராட வேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதியாரை உள்ளே விடாமல் மறித்தபோது என்ன நடந்தது என்று உங்கள் தலைவர் ஐயாவின் வயதில் உள்ளவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதையெல்லாம் மறந்துவிட்டுக் கொழும்புக்கு வந்தோம். ஆனால் குசினித் தட்டில் எந்தக் கோப்பை எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பது மட்டும் கைக்கு மறக்கவில்லை.

இதைச் சொல்லி உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. கூட்டத்தில் யாராவது, "முதல்ல உம்மட வீட்டில என்ன நடக்குது?" என்று கேட்பார்கள் பாருங்கள், நிச்சயம் கேட்பார்கள். அந்த நேரம் தடுமாறாமல் நிற்க வேண்டுமே. தட்டும் கோப்பையும் செலவில்லாத விஷயம். 'வீட்டு ஆள் மாதிரி' என்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வீட்டு ஆட்களுக்கு லீவு கிடையாது. வீட்டு வேலைக்கென்று ஒரு சம்பள சபை இன்றுவரை இல்லை, அதனால் சம்பளமும் லீவும் வேலை நேரமும் எஜமானரின் மனம்போலத்தான். 1871இல் பிரித்தானியர் வீட்டு வேலையாட்களைப் பதிவு செய்ய ஒரு சட்டம் போட்டார்கள். வேலையாட்களிடமிருந்து வீட்டுக்காரரைக் காப்பாற்றத்தான் அந்தப் பதிவு. உங்கள் கேற்றடியில் இருக்கிற கொப்பியையும் ஒருமுறை பாருங்கள். வேலையாட்கள் வந்து போகிற நேரமும் அடையாள அட்டை இலக்கமும் அதில் இருக்கும், விருந்துக்கு வருகிற சொந்தக்காரரின் பெயர் இருக்காது. நீங்கள் அந்த அக்காவோடு உட்கார்ந்து கிழமைக்கு ஒரு நாள் லீவு, ஓய்வு நேரம், தீபாவளிக்கு எத்தனை நாள், பஸ் காசு யார் தருவது என்று பேசி எழுதி வைத்தால், அது லிஃப்டைவிடப் பெரிய காரியம்.

இனித் தலைவர் ஐயா. அவருக்குக் கூட்டத்தில் பதில் சொல்லாமல் இருந்தது நல்லது. 83 கலவரத்தில் கொழும்பிலிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனவர்களின் நோவு விளையாட்டில்லை. அதைத் தராசில் வைத்து, உங்கள் நோவு பெரிதா இந்த அக்காவின் நோவு பெரிதா என்று நிறுக்கப் போனால் நீங்கள்தான் தோற்பீர்கள், தோற்பதுதான் முறையும்கூட. ஆனால் அவர் தன் காயத்தைக் காட்டி உங்கள் வாயை அடைத்தார் என்பதும் உண்மை. இதைச் சபையில் சொல்ல முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கணவரையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள். வடையோ முறுக்கோ ஏதாவது கொண்டுபோங்கள். 83 பற்றி அவரைக் கதைக்க விடுங்கள். இத்தனை வருடத்தில் அதை முழுதாகக் கேட்ட இளம் ஆட்கள் அந்தக் கட்டடத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்?

கேட்டு முடித்த பிறகு ஒன்றைக் கேட்டுப்பாருங்கள். அந்தத் தலைமுறைக்கு அரசியல் தண்ணீர்பட்ட பாடு. 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. அந்த விவகாரத்தில் தமிழ்க் காங்கிரஸ் உடைந்துதான் 1949இல் தமிழரசுக் கட்சி பிறந்தது. "ஐயா, அந்தச் சனத்துக்காகக் கட்சியே உடைச்ச ஆக்கள் நாங்கள். அதே சனத்தை இப்ப எங்கட லிஃப்டில ஏற விடாமல் வைச்சிருக்கிறம், நல்லாவா இருக்கு?" என்று கேளுங்கள். சண்டைக்காரியாகக் கேட்காமல் மகள் கேட்பதுபோல் கேளுங்கள். அவர் உடனே ஆமென்று சொல்ல மாட்டார். ஆனால் கூட்டத்தில் அவரே எழும்பி, "இந்த நோட்டீஸை எடுத்துவிடுவோம்" என்று சொல்வதற்கு ஒரு வழி திறந்திருக்கும். தலைவர் தோற்று நீங்கள் வெல்கிற மாதிரி ஒரு தீர்மானம் அந்தக் கட்டடத்தில் நிறைவேறாது.

சட்டத்தைக் காட்டலாமா என்று யோசிப்பீர்கள். காட்டலாம், ஆனால் அதை நம்பி இறங்காதீர்கள். அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், பிறப்பிடம் என்றெல்லாம் எண்ணி, இவற்றைக் காட்டிப் பாரபட்சம் கூடாது என்கிறது. கடை, ஹோட்டல், உணவகம், களியாட்ட இடம், அவரவர் மதத்து வழிபாட்டிடம் ஆகியவற்றுக்குள் போவதைத் தடுக்கக் கூடாது என்றும் தனியாகச் சொல்கிறது. தொடர்மாடி லிஃப்ட் அதில் இல்லை. அடிப்படை உரிமை மனுவும் அரசின் நடவடிக்கைக்கு எதிராகத்தான், உங்கள் கமிட்டிக்கு எதிராக இல்லை. 1957 சட்டம் சாதியைப் பற்றியது. நோட்டீஸில் இருப்பது 'வேலையாட்கள்' என்ற சொல். சாதியும் இல்லை, ஊரும் இல்லை, யாரைச் சொல்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், வழக்குப் போட மட்டும் முடியாது. உங்களுக்கு உதவுவது 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி வீட்டுரிமைச் சட்டம்தான். லிஃப்டும் படிக்கட்டும் மொட்டைமாடியும் பொதுப் பகுதி, வீட்டுச் சொந்தக்காரர் எல்லோருக்கும் அதில் பங்குண்டு, கமிட்டி அதைப் பராமரிக்கிறது. ஆகவே, "என் பங்கு இருக்கிற லிஃப்டில் என் வீட்டுக்கு வருகிறவர் வரலாமா கூடாதா என்று பொதுக்கூட்டம் வாக்கெடுத்ததா?" என்று கேட்பது நியாயமான கேள்வி. நோட்டீஸை ஒட்டியது கமிட்டி மட்டும் என்றுதான் உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. கூட்டக் குறிப்பைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

சரி, அவர்கள் ஏன் இந்த நோட்டீஸைப் போட்டார்கள்? மனத்தில் இருப்பதை விடுங்கள், வாயால் சொன்ன காரணம் என்ன? நான் பார்த்த தொடர்மாடிகளில் இரண்டுதான் சொல்வார்கள். காலையில் பள்ளிக்கூட நேரம் லிஃப்டில் நெரிசல். மற்றது மீன் தண்ணீர். மார்க்கட்டிலிருந்து வருகிற பை ஒழுகி, லிஃப்ட் தரையில் சொட்டி, மத்தியானம்வரை நாறும். இரண்டும் உண்மையான முறைப்பாடுதான், சிரிக்காதீர்கள். ஆனால் மீன் தண்ணீர் பையிலிருந்து சொட்டுகிறது, தூக்கி வருகிற ஆளிலிருந்து சொட்டுவதில்லை. அதே பையை ஒரு டொக்டர் தூக்கி வந்தாலும் சொட்டும். எனவே சாமானுக்கு விதி போடச் சொல்லுங்கள். ஈரச் சாமான் யார் கொண்டுவந்தாலும் வாளிக்குள் வைத்துக் கொண்டுவர வேண்டும், வாளி செக்கியூரிட்டியிடம் இருக்கும். காலை ஆறே முக்காலிலிருந்து ஏழரை வரை சாமான் ஏற்ற வேண்டாம், யாராக இருந்தாலும். இந்த இரண்டு வரியையும் நீங்களே அழகாக டைப் செய்து கொண்டுபோனால், அவர்கள் பழைய நோட்டீஸை எடுக்க வெட்கப்படத் தேவையில்லை, புதியதை ஒட்டப்போகிறார்கள், அவ்வளவுதான்.

டெலிவரி ஆட்களைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. மழையில் நனைந்து வந்த பெடியன் பிரியாணிப் பார்சலோடு நிற்கும்போது அதே வீட்டுக்காரர் செக்கியூரிட்டிக்குப் போன் எடுத்து, "ஆறமுதல் லிஃப்டில அனுப்பும்" என்று சொல்லியிருப்பார். அந்தப் பாதி நோட்டீஸ் ஏற்கெனவே செத்துப்போயிருக்கும்.

நாய்க் கதையைக் கூட்டத்தில் தயவுசெய்து எடுக்காதீர்கள். கேட்க நல்லாயிருக்கும், வட்ஸ்அப்பில் பத்துப் பேர் கைதட்டுவார்கள், ஆறாம் மாடி வாக்கு போய்விடும். அந்த நாய்க்காரர் உங்கள் பக்கம் வரக்கூடியவர். அவருடைய நாய்க்கே நாளைக்கு நோட்டீஸ் வரும் என்று அவருக்குத் தெரியும். வட்ஸ்அப்பில் பதில் எழுதவே வேண்டாம். 'சமத்துவ அக்கா' என்று கூப்பிட்டால் கூப்பிடட்டும், அதைவிட மோசமான பட்டப்பெயர்கள் இருக்கின்றன.

கூட்டத்துக்கு முன் ஆள் சேருங்கள். முஸ்லிம் குடும்பங்களையும் முதலாம் மாடித் தம்பதியையும் இதுவரை யாராவது கேட்டார்களா? 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு எந்தெந்த வாசலில் எப்படி நிறுத்தப்பட்டோம் என்று அந்த மூன்று வீட்டுக்கும் நினைவிருக்கும், அவர்களுக்கு நீண்ட விளக்கம் தேவைப்படாது. அந்தச் சிங்களத் தம்பதிக்குக் கூட்ட அறிவித்தல் எந்த மொழியில் போகிறது? தமிழில் மட்டும் போனால், அரச கச்சேரியில் சிங்களப் படிவத்தோடு நாங்கள் நின்ற நிலையில்தான் அவர்கள் இப்போது நிற்கிறார்கள். மூன்று மொழியிலும் அடிக்க ஒரு பக்கம் போதும். அப்புறம், வெள்ளவத்தையில் பாதி வீட்டின் சொந்தக்காரர் லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருப்பார்கள். உங்கள் கட்டட விதியில் பதிலாள் வாக்குக்கு இடமிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். அங்கே போன புதிதில் ஹோட்டல்களில் கோப்பை கழுவியவர்கள் பலர். படிக்கட்டுக் கதை அவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

தோற்றால்? தோற்கலாம். உங்கள் எதிர்ப்பைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த வருடமும் கூட்டம் வரும், கமிட்டியும் மாறும். அதுவரை மார்க்கட் சாமானை உங்கள் கணவர் வேலை விட்டு வரும்போது வாங்கி வரட்டும். அவர் லிஃப்டில் ஏற எந்தத் தடையும் இல்லையே.