சோனியா டெலோனேயின் ஒட்டுப் போர்வை

கேள்வி: ஓவியர் சோனியா டெலோனே துணி வடிவமைப்புக்கு எப்படி வந்தார்? அவருடைய வண்ண உத்தியை வீட்டுத் தையலில் செய்ய முடியுமா?

பதில்: 1911-இல் மகனுக்காகத் துண்டுத் துணிகளை இணைத்து ஒரு போர்வை தைத்தார், பிள்ளையார் சுழி அதுதான். அதைப் பிழைப்பாக்கியது ரஷ்யப் புரட்சி. ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கில் அவருக்கிருந்த சொத்திலிருந்து வந்த வாடகைப் பணம் நின்றுபோனது. மாட்ரிட்டில் கடை, பிறகு பாரிஸில் துணி அச்சு, நாடக உடை, காருக்கு வண்ணம்கூட.

அவர் உத்தியை வீட்டிலும் செய்யலாம். நீலத்தருகே ஆரஞ்சு, சிவப்பருகே பச்சை வையுங்கள். ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். துண்டுகள் கையகலமாவது இருக்கட்டும். பொடிப்பொடியாக வெட்டினால் தூரத்தில் நிறங்கள் கலந்து சாம்பலாகிவிடும். கறுப்பு சோகையாகத் தெரிந்தால் சாயத்தைத் திட்டாமல் பக்கத்து நிறத்தை மாற்றுங்கள். 19-ஆம் நூற்றாண்டிலேயே பாரிஸின் கோப்லான் திரைச்சீலை நெசவாலைச் சாயப்பட்டறையில் வேதியியலார் செவ்ரல் கண்டுபிடித்தது இதைத்தான்.