தாய்மாமன் மடி

கேள்வி: எனக்கு 34 வயது. ஒன்பது வயதில் கோடை விடுமுறைக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போனபோது, அவர்களுடைய மகன் என்னிடம் தவறாக நடந்துகொண்டான். மூன்று கோடைகள் அது நீடித்தது. எனக்கு உடன்பிறந்த அண்ணன் தம்பி கிடையாது. அடுத்த மாதம் என் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் முறையில் அவன்தான் மடியில் உட்கார வைக்க வேண்டும் என்கிறார்கள். அம்மாவிடம் முதன்முறையாக விஷயத்தைச் சொன்னேன். "பழசைக் கிளறாதே, சொந்தம் விட்டுப்போகும்" என்றார். என்ன செய்ய?
- பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அவன் மடியில் வேண்டாம். மற்றதையெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம். உங்கள் அப்பா உட்கார வைக்கட்டும். யார் மடியானாலும் குழந்தைக்குத் தோடு ஏறும். ஏன் என்று கேட்கிறவர்களிடம் "எனக்கு இஷ்டமில்லை" என்று சொல்லுங்கள். அதற்கு மேல் விளக்கம் கேட்க எந்தப் பெரியப்பாவுக்கும் உரிமை இல்லை.

என் கதையும் இதுதான். எட்டு வயதில், வீட்டுக்கு டியூஷன் எடுக்க வந்தவர். வாய் திறந்தபோது எனக்கு 43 வயது. தங்கையும் நானும் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம். சொல்லி முடித்தேன். அவள் நிமிரவில்லை, கையும் நிற்கவில்லை. "எனக்கும்தான்" என்றாள். அன்று கீரை சமைக்கவில்லை.

அம்மா என்னிடம், "அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?" என்றுதான் கேட்டார். எந்தச் சொல்லால் சொல்வது? பூச்சாண்டியைக் காட்டித்தானே வளர்த்தார்கள், வாத்தியாரைக் காட்டியா வளர்த்தார்கள்? 2007-இல் மத்திய அரசு 13 மாநிலங்களில் எடுத்த ஆய்வில், பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் ஏதோ ஒரு வகைப் பாலியல் அத்துமீறலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். அத்துமீறியவர்களில் பாதிப் பேர் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரியவர்கள். பெரும்பாலான குழந்தைகள் வெளியே சொல்லவில்லை. உங்கள் அம்மா மீது கோபம் வந்தால் வரட்டும். மன்னிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

வழக்கு பற்றி. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் நடைமுறைக்கு வந்தது 2012 நவம்பர் 14-இல். உங்களுக்கு நடந்தது அதற்கு முன்பு என்பதால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில்தான் பார்க்க வேண்டும். கடுமையான குற்றங்களுக்குக் காலவரம்பு இல்லை. ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள். போடுவதும் விடுவதும் உங்கள் முடிவு. ஆனால் அந்த வீட்டில் இப்போது சின்னப் பிள்ளைகள் இருந்தால், அவர்களின் தாயிடமாவது விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.

ஆறுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அந்த வாத்தியார் மூக்குப்பொடி போடுவார். பஸ்ஸில் பொடி வாசனை வந்தால் இன்றும் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவேன். முன்பு அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். இரண்டு வருடம் ஆலோசகரிடம் போன பிறகு, அடுத்த பஸ்ஸில் ஏறிக்கொள்கிறேன். இரவில் தூக்கம் பிடிக்காவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை அழையுங்கள். தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

கேள்வி: தனியார் பள்ளி ஆசிரியை நான். ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி, வேன் ஓட்டுநர் தொடுவதாக என்னிடம் அழுதாள். "பள்ளிப் பெயர் கெடும், நாமே பேசி முடிப்போம்" என்கிறார் தலைமையாசிரியர்.
- ஓர் ஆசிரியை

பதில்: பேசி முடிக்கிற விஷயமில்லை. போக்சோ 19-ஆம் பிரிவின்படி, தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் உங்களுக்கு ஆறு மாதம் வரை சிறை. தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைக்கும் நிர்வாகத் தலைவருக்கு ஓராண்டு வரை. இதை அவர் மேசையில் எழுதி வையுங்கள். அந்தக் குழந்தையை ஆசிரியர் அறையில் நிறுத்தி ஆளாளுக்குக் கேட்காதீர்கள். வாக்குமூலம் வாங்கும் காவலர் சீருடையில் வரக்கூடாது, அவள் வீட்டிலேயே வாங்கலாம் என்று அவள் பெற்றோரிடம் சொல்லுங்கள். பாதிப் பயம் போய்விடும். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ இன்று மாலை வேன் கிளம்புவதற்கு முன்பே அழைத்துவிடுங்கள்.