கப்பல் எதற்கு?

அன்புள்ள ஐயா,
1975 நெருக்கடி நிலையும் ராணுவச் சட்டமும் ஒன்றுதானா? நண்பர்களுடன் பேசும்போது வந்த சந்தேகம். வெள்ளைக்காரன் கொடுமை செய்தாலும் சட்டத்தை மதித்தான், டயரையே விசாரித்தார்களே என்கிறார்கள். எனக்கும் அது சரியென்றே படுகிறது.
கு.

அன்புள்ள கு.,

ஒன்றல்ல. 1975இல் ராணுவ அதிகாரிகள் உட்கார்ந்து குடிமக்களை விசாரித்துத் தூக்கில் போடவில்லை. அதை விடுங்கள். 'எனக்கும் சரியென்றே படுகிறது' என்று போகிறபோக்கில் எழுதினீர்களே, படித்த பிள்ளை எழுதுகிற வரியா அது? இந்த வாரம் முழுக்க ஜமைக்காவைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன், அதனால் கோபம் கொஞ்சம் கூடுதலாகவே வருகிறது.

1865 அக்டோபர். ஜமைக்கா அப்போது வெள்ளைக்காரன் ஆட்சியில் இருந்தது. அங்கே மொரான்ட் பே என்ற ஊரில் எழுந்த கலகத்தை அடக்க ஆளுநர் ஐர் அந்த வட்டாரத்தில் ராணுவச் சட்டம் அறிவித்தார், கிங்ஸ்டன் நகரம் மட்டும் விலக்கு. அவருக்கு ஆகாத சட்டமன்ற உறுப்பினர் ஜார்ஜ் வில்லியம் கார்டன் இருந்ததோ கிங்ஸ்டனில். அங்கே வழக்கமான நீதிமன்றம்தான் விசாரிக்க வேண்டும். ஐர் என்ன செய்தார்? கார்டனைக் கைது செய்து, கப்பலில் ஏற்றி, தானும் கூடவே மொரான்ட் பேக்குப் போனார். சனிக்கிழமை மூன்று இளம் அதிகாரிகள் விசாரித்தார்கள். திங்கட்கிழமை தூக்கு.

சட்டத்தை மதிக்காதவன் கிங்ஸ்டனிலேயே சுட்டுப் போட்டிருப்பான். கப்பல் எதற்கு? மதித்தார்கள்தான் ஐயா, கசாப்புக்காரன் கத்தியை மதிப்பதுபோல.

அப்புறம், கலகத்தை அடக்கியவர்கள்மேல் வழக்கே போட முடியாது என்று ஜமைக்கா சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. ஆளுநர் என்ற முறையில் அதற்கு ஒப்புதல் தந்தவர் யார்? அதே ஐர்! தன்னை அடித்துச் சிறைவைத்ததற்காக பிலிப்ஸ் என்பவர் இங்கிலாந்தில் ஐர்மேல் வழக்குப் போட்டார். 1870இல் நீதிபதிகள் அந்தச் சட்டத்தைக் காட்டியே பிலிப்ஸைத் திருப்பி அனுப்பினார்கள். செய்ததெல்லாம் முறைதான் என்றால் இப்படியொரு சட்டம் எதற்கு? முறையில்லை என்று அவர்களுக்கே தெரியும், அவ்வளவுதான்.

டயர் விசாரணைக்கு வருகிறேன். அவரை விசாரித்த ஹண்டர் குழுவை அமைத்தது 1919 அக்டோபரில். அதிகாரிகளைக் காப்பாற்றும் சட்டமோ, மதன் மோகன் மாளவியா சட்டசபையில் எதிர்த்துப் பேசியும், செப்டம்பரிலேயே நிறைவேறிவிட்டது. ஜாலியன்வாலா பாக்கில் சுட்டது ஏப்ரல் 13. அமிர்தசரஸில் ராணுவச் சட்டம் வந்தது 15ஆம் தேதி. காப்புச் சட்டமோ மார்ச் 30இலிருந்தே செல்லும், அதாவது ராணுவச் சட்டம் வருவதற்கு முந்தைய நாட்களுக்கும் சேர்த்து. உங்கள் நண்பர்கள் இந்தத் தேதிகளைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நம் அரசியலமைப்பின் 34ஆவது உறுப்பையாவது பார்த்தீர்களா? ராணுவச் சட்டம் நடப்பில் இருந்த பகுதியில் அதிகாரிகள் செய்ததற்கு நாடாளுமன்றம் இதே காப்பைத் தரலாம் என்கிறது. இன்றும் அப்படியே இருக்கிறது. அதைப் படித்துவிட்டு, கோபித்துக்கொள்ளாமல் மறுபடி எழுதுங்கள்.