கடலோரக் கிணறும் குடிநீரும்: கேள்வி-பதில்

கேள்வி: கோடையில் கிணறு வற்றியதால் ஆழ்துளைக் கிணறு போட்டோம். சில மாதங்களிலேயே தண்ணீர் உவர்க்கிறது. இன்னும் ஆழமாகப் போகலாமா?

பதில்: வேண்டாம். கடலோர மணலில் இறங்கும் மழைநீர், தன்னைவிட அடர்த்தி மிகுந்த உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்தைவிட ஒரு மீட்டர் உயர்ந்திருந்தால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் நிற்கும் என்பது கைபென்-ஹெர்ஸ்பெர்க் கணக்கு. அதாவது, நீர்மட்டம் அரை மீட்டர் இறங்கினால், காலப்போக்கில் அடியிலிருக்கும் உப்புநீர் 20 மீட்டர் மேலேறும். இரண்டு விழுக்காடு கடல்நீர் கலந்தாலே, உப்பின் ஒரு கூறான குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டிவிடும். நாக்குக்கு உப்புத் தெரியத் தொடங்குவது அந்த அளவில்தான். களிமண் அடுக்குக்குக் கீழே தனி நன்னீர் இருக்கும் இடங்களும் உண்டு, ஆனால் அதை நிலத்தடி ஆய்வு செய்தே சொல்ல முடியும். மற்றபடி, ஆழம் குறைந்த அகலமான கிணற்றில் சிறிய மோட்டாரை இடைவெளி விட்டு ஓட்டுவதும், கூரை மழைநீரை நிலத்துக்குள் இறக்குவதும்தான் வழி. கடலோரத்தில் பெரிய மோட்டார் பொருத்துவது உப்பை விலை கொடுத்து வாங்குவதுதான்.

கேள்வி: டிடிஎஸ் மீட்டர் 300 காட்டுகிறது. அப்படியே குடிக்கலாமா?

பதில்: அந்த எண்ணை மட்டும் நம்பிக் குடிக்க வேண்டாம். மீட்டர் கரைந்த உப்புகளின் மொத்த அளவை மதிப்பிட்டுக் காட்டுமே தவிர, கிருமியைக் காட்டாது. மணல் நிலத்தில் கழிவறைக் குழியின் நீர் எளிதாகக் கசிந்து கிணற்றை அடையும் என்பதால், ஈ.கோலை (மலக்கழிவு கலந்ததைக் காட்டும் கிருமி), நைட்ரேட் (கழிவிலிருந்து நீரில் கரையும் வேதிப்பொருள்) இரண்டையும் ஆய்வகத்தில் பார்த்துவிடுங்கள். முன்னது 100 மில்லிலிட்டரில் அறவே இருக்கக் கூடாது, பின்னது லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைட்ரேட்டும் உப்பும் குறையாது, நீர் ஆவியாக ஆவியாகச் செறிவுதான் கூடும்.

கேள்வி: புயலில் கடல்நீர் கிணற்றுக்குள் புகுந்துவிட்டது. முழுவதும் இறைத்துவிடலாமா?

பதில்: குப்பையையும் சேற்றையும் அகற்றி, மிதமாக ஒருமுறை இறைத்ததோடு நிறுத்துங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கரையோரத்தில் அளவுக்கு மீறி இறைத்த கிணறுகளில் அடியிலிருந்த உப்புநீர் மேலேறியது. மண்ணில் தங்கிய உப்பைக் கழுவி வெளியேற்றுவது மழைதான். அதற்கு ஒன்றிரண்டு பருவங்கள் ஆகலாம். அதுவரை குடிக்க வேறு தண்ணீரைப் பயன்படுத்துங்கள். குளோரின் போட்டால் கிருமி போகும், உப்பு போகாது.

கேள்வி: தெளிவாக இறைத்த தண்ணீர் குடத்தில் சற்று நேரத்தில் பழுப்பாகிறதே?

பதில்: அது பெரும்பாலும் இரும்பு. காற்றுப் படும்படி ஊற்றி, படியவிட்டு, மணல் வடிகட்டியில் விட்டால் பெருமளவு நீங்கும்.