கக்கத்தில் கட்டிய நெறி: வாசகர் கேள்விகளுக்கு டாக்டர் பதில்

கொரோனா ஓய்ந்து இத்தனை நாளாகியும் கடிதங்கள் ஓயவில்லை. அதனால் இந்த இதழில் அது பற்றிய கேள்விகள் மட்டும்.

கோவிஷீல்டு முதல் ஊசி போட்ட அன்று ராத்திரியே எனக்குக் காய்ச்சல், இரண்டு நாளில் கக்கத்தில் கட்டி மாதிரி வலி. என் கணவருக்கோ ஒன்றுமே இல்லை. அவருக்கு ஊசி பிடிக்கவில்லையா டாக்டர்?
- வாசகி, பாபநாசம்

காலில் முள் குத்திப் புண்ணானால் தொடை இடுக்கில் நெறி கட்டும் என்பது நம் ஊரில் நடவுக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். உங்களுக்குக் கக்கத்தில் கட்டியதும் அதே நெறிதான். தோளில் போட்ட மருந்து நிணநீர் வழியாக முதலில் போய்ச் சேர்கிற நிணநீர் முடிச்சுகள் கக்கத்தில்தான் இருக்கின்றன. கோவிஷீல்டில் இருப்பது சிம்பன்சிக்குச் சளி பிடிக்க வைக்கும் ஒரு வைரஸ். அதைப் பெருக முடியாதபடி முடமாக்கி, கொரோனாவின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் முள் புரதத்தைச் செய்வதற்கான குறிப்பை மட்டும் ஏற்றி அனுப்புகிறார்கள். நம் செல்களே அந்தப் புரதத்தைச் செய்து காட்ட, முடிச்சுக்குள் இருக்கும் லட்சக்கணக்கான பி செல், டி செல் என்ற வெள்ளணுக்களில் எதற்கு அந்த வடிவம் பொருந்துகிறதோ அது மட்டும் மளமளவென்று பெருகும். அந்தக் கூட்டம்தான் வீக்கம். கோவேக்சினில் வழி வேறு, செயலிழக்க வைத்த முழு வைரஸையே காட்டுகிறார்கள்.

காய்ச்சல் இதற்கு முந்தைய கட்டம். உள்ளே ஏதோ வந்துவிட்டது என்று முதல்நிலைக் காவல் செல்கள் கொடுக்கும் குரல் மூளை வரை போய் உடம்புச் சூட்டை ஏற்றுகிறது. அந்தக் குரல் ஒருவருக்கு ஊரே கேட்கும்படி இருக்கும், இன்னொருவருக்கு அடங்கி இருக்கும். காய்ச்சல் வராதவர்களுக்கும் எதிர்ப்பு நன்றாகவே உருவாகிறது என்பதால் உங்கள் கணவரை நிம்மதியாக இருக்கச் சொல்லுங்கள். ஆனால் யாருக்குமே அந்த எதிர்ப்பு மறுநாள் வந்துவிடாது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வர நாளாகிற மாதிரி, கிருமியைப் பிடிக்கும் புரதமான ஆன்டிபாடி ரத்தத்தில் தேவையான அளவு சேர இரண்டு வாரமாவது ஆகும். ஊசி போட்ட தெம்பில் மறுநாளே கல்யாண வீட்டுக்குப் போய்த் தொற்றிக்கொண்டு வந்தவர்களை நான் நிறையப் பார்த்தேன்.

லேபில் ஆன்டிபாடி பார்த்தேன். ஆறு மாதத்தில் பாதிக்கும் கீழே போய்விட்டது. போட்ட ஊசி வீண்தானா?
- வாசகர், திருத்துறைப்பூண்டி

அறுத்த வயலைப் பார்த்து 'பயிரே இல்லையே' என்று யாராவது அழுவார்களா? ரத்தத்தில் ஓடும் ஐஜிஜி என்ற வகை ஆன்டிபாடியின் அளவு, புதிதாக உற்பத்தி இல்லாவிட்டால், சுமார் மூன்று வாரத்தில் பாதியாகும். அது அப்படித்தான் குறைய வேண்டும். வாழ்நாளில் பார்த்த ஒவ்வொரு கிருமிக்கும் செய்ததை எல்லாம் குறையாமல் வைத்திருந்தால் ரத்தம் கூழாகிவிடும். உடம்பு விதைநெல் எடுத்து வைக்கிறது. ஆன்டிபாடி செய்யும் செல்களில் சில எலும்பு மஜ்ஜைக்குப் போய்க் குடியிருந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துகொண்டே இருக்கும். நினைவு பி செல்கள் தனி. நல்ல கதிராகப் பார்த்துப் பார்த்து விதைக்குப் பொறுக்குவோம் இல்லையா, அந்த வேலை நிணநீர் முடிச்சுக்குள் மாதக்கணக்கில் நடக்கிறது: பி செல்கள் தங்கள் மரபணுவில் சின்னச் சின்ன மாற்றம் செய்துகொள்ளும், அதில் வைரஸை இறுக்கமாகப் பிடிப்பவை மட்டும் தேறும். ஆகவே ஆறாவது மாதம் எண்ணிக்கை குறைவு, தரம் அதிகம். டி செல்கள் உங்கள் லேப் ரிப்போர்ட்டில் வரவே வராது. 2003இல் இந்தக் கொரோனாவின் உறவான சார்ஸ் வந்து பிழைத்தவர்களுக்கு 17 வருடம் கழித்தும் அந்த டி செல் நினைவு இருந்ததைக் கண்டிருக்கிறார்கள். இனி அந்த டெஸ்டுக்குப் பணம் கட்டாதீர்கள்.

இரண்டு ஊசி போட்டும் 2022 ஜனவரியில் வீட்டில் எல்லோருக்கும் வந்ததே?
- வாசகி, மன்னார்குடி

வந்தது. 'ஊசி போட்டால் வரவே வராது' என்று ஆரம்பத்தில் நானும் சொன்னேன், அது தப்பு. கையில் போடும் ஊசி ரத்தத்தில் நிறைய ஆன்டிபாடி தரும், வைரஸ் முதலில் இறங்கும் மூக்கின் ஈரச் சவ்வில் அவ்வளவு தராது. போதாக்குறைக்கு அப்போது பரவிய ஒமிக்ரான் என்ற உருமாறிய கொரோனாவின் முள் புரதத்தில் 30க்கு மேல் மாற்றங்கள். பழைய ஆன்டிபாடிகள் பலவற்றுக்கு அடையாளமே தெரியவில்லை. டி செல்லுக்கு முழு முகம் வேண்டாம், புரதத்தின் சிறு துண்டுகளை வைத்தே கண்டுபிடிக்கும், அந்தத் துண்டுகளில் பெரும்பாலானவை மாறவில்லை. நோய் மூக்கோடும் தொண்டையோடும் நின்று நுரையீரலுக்கு இறங்காமல் போனதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

2021 மே மாதம் என் அண்ணன் ஒரு வாரம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர், எட்டாம் நாள் மூச்சுத் திணறினார். கிருமி குறைகிற நேரத்தில் எப்படி?
- வாசகர், நாகப்பட்டினம்

இதை எழுதும்போது எனக்கும் அந்த மாதம் ஞாபகம் வருகிறது. வைரஸ் நுழைந்ததும் செல்கள் இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் பொருளைச் சுரக்க வேண்டும். கொரோனா அதைத்தான் முதலில் அமுக்குகிறது. பெரும்பாலோருக்கு உடம்பு சமாளித்துவிடும். சிலருக்கு எச்சரிக்கை தாமதமாகி, வைரஸ் பெருகிய பிறகு மொத்தப் படையும் நிதானமில்லாமல் இறங்கி நுரையீரலையே புண்ணாக்கிவிடும். உங்கள் அண்ணனுக்கு இரண்டாம் வாரம் திணறியது அநேகமாக இதனால்தான். 2020இல் இங்கிலாந்தில் நடந்த ரிகவரி ஆய்வில், ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்கு டெக்சாமெத்தசோன் என்ற மலிவான ஸ்டீராய்டு உயிர் காத்தது, தேவைப்படாதவர்களுக்குப் பலன் தரவில்லை. காரணம் புரிகிறதல்லவா, முதல் வாரத்தில் படையே தேவை, அதை அடக்கக் கூடாது. நம் பக்கம் காய்ச்சல் கண்ட அன்றே அந்த மாத்திரையை வாங்கிப் போட்டவர்கள் உண்டு. சுகர் எகிறி, கருப்புப் பூஞ்சை வரை போனது அப்புறம் நடந்த கதை.

கபசுரக் குடிநீர் எதிர்ப்பு சக்தியை ஏற்றுமா?
- வாசகர், கும்பகோணம்

பிடித்தால் குடியுங்கள். ஊசிக்குப் பதிலாக வேண்டாம். எதிர்ப்பு சக்தி மாடித் தொட்டித் தண்ணீர் இல்லை, மோட்டார் போட்டு ஏற்ற.

கோவிஷீல்டால் ரத்தம் கட்டும் என்று 2024இல் செய்தி வந்ததிலிருந்து தூக்கமில்லை.
- வாசகி, திருவையாறு

அந்தப் பக்கவிளைவு நிஜம், மிக மிக அரிது, 2021இலேயே தெரிந்ததுதான். ரத்தத் தட்டணுக்களில் இருக்கும் ஒரு புரதத்துக்கு எதிராக உடம்பு தவறுதலாக ஆன்டிபாடி செய்துவிடுவதால் வருவது. வந்தால் பெரும்பாலும் ஊசி போட்ட ஆறு வாரத்துக்குள் வந்திருக்கும். நீங்கள் போட்டு வருடக்கணக்காகிறது. ரத்தக் கட்டு இருக்கிறதா என்று பார்க்கும் டி-டைமர் டெஸ்டுக்கு எழுதித் தரச் சொல்லி எழுதியிருக்கிறீர்கள், தர மாட்டேன். அந்தக் காசில் சுகரும் பிரஷரும் பார்த்து, ரிப்போர்ட்டை அனுப்புங்கள்.