ஆபரேஷனுக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், போடலாமா?

கேள்வி: பிறந்து ஒரு மாதமான எங்கள் குழந்தையின் பிறப்புறுப்பைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியவில்லை. "இப்போதே ஆபரேஷன் செய்து பெண்ணாக்கிவிடலாம், பெற்றோர் கையெழுத்து போதும்" என்கிறார் மருத்துவர். மாமியாரும் அவசரப்படுத்துகிறார். பாலின அடையாளமும் குழந்தைகளும் பற்றிய ஓர் ஆவணப்படம் பார்த்ததிலிருந்து பயம் கூடிவிட்டது. என்ன செய்வது?
- வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள், சகோதரி. ஒரு மாதக் குழந்தையின் உடம்பில் கத்தி வைக்க இந்தக் காரணம் போதாது.

அந்த மாதிரிப் படங்களில் நடக்கும் வாக்குவாதம், பேசத் தெரிந்து, தன் பாலினம் இன்னதென்று தானே சொல்லும் பிள்ளைகளைப் பற்றியது. உங்கள் குழந்தைக்கு இருப்பது பிறவியிலேயே வந்த உடலமைப்பு வேறுபாடு. இதை இடைபாலினம் என்கிறோம். இதில் தமிழ்நாட்டின் நிலை தெளிவு.

2019 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் ஒரு தீர்ப்பு தந்தார். வழக்கு என்னவோ தூத்துக்குடியில் ஒரு திருநங்கையின் திருமணத்தைப் பதிய மறுத்ததைப் பற்றியது. ஆனால் அதே தீர்ப்பில், இடைபாலினக் குழந்தைகளை ஆணாகவோ பெண்ணாகவோ மாற்றச் செய்யும் அறுவை சிகிச்சையைத் தடுக்க அரசாணை போடும்படி உத்தரவிட்டார். பெற்றோரின் சம்மதம் குழந்தையின் சம்மதம் ஆகாது என்றும் எழுதினார். உங்கள் மருத்துவர் கேட்கும் கையெழுத்துக்கு இதுதான் பதில். அந்த ஆகஸ்டிலேயே சுகாதாரத் துறை தடை ஆணையை வெளியிட்டது: அரசாணை எண் 355, நாள் 13.8.2019. உயிருக்கு ஆபத்தான நிலைக்கு மட்டுமே விலக்கு.

இங்கே ஒன்றைக் கவனமாகப் படியுங்கள். தடை இருப்பது பாலினத்தை 'சரிசெய்யும்' அறுவைக்குத்தான், வைத்தியத்துக்கு இல்லை. இப்படிப் பிறக்கும் சில குழந்தைகளுக்கு அட்ரினல் சுரப்பிக் கோளாறு இருக்கும். பிறந்த சில வாரங்களிலேயே உடம்பில் உப்பு குறைந்து, வாந்தி எடுத்து, பால் குடிக்காமல் சோர்ந்து போவார்கள். அது உயிருக்கே ஆபத்து; உடனே மருந்து கொடுக்க வேண்டும். அந்தப் பரிசோதனை நடந்ததா என்று இன்றைக்கே கேளுங்கள். இல்லையென்றால் ஹார்மோன் மருத்துவர் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் குழந்தையைக் கொண்டு போங்கள். சிறுநீர் போவதில் அடைப்பு இருந்தாலும் தாமதிக்கக் கூடாது.

சரி, மருத்துவமனை விடாமல் வற்புறுத்தினால்? எந்த நோய்க்காக, எந்த ஆபத்துக்காக இந்த அறுவை என்று எழுத்தில் கேளுங்கள். சிகிச்சைப் பதிவேடுகளின் நகலையும் எழுதிக் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான ஒழுங்குமுறை விதி. பெரும்பாலும் அந்தக் கடிதத்தோடு பேச்சு நின்றுவிடும். நிற்காவிட்டால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது சட்ட உதவி எண்ணான 15100-ல் கூப்பிடுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். அவர் மூலம் மதுரைக் கிளையில், அரசாணையைப் பின்பற்ற உத்தரவிடும்படி கேட்கும் ரிட் மனு போடலாம்.

மாமியாரிடம் கோபப்பட வேண்டாம். ஊர் என்ன சொல்லுமோ என்ற பயம்தான் அவரைப் பேச வைக்கிறது. அரசாணை நகலை உங்கள் கணவர் கையால் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

பிறப்புச் சான்றிதழுக்காகவும் பதற வேண்டாம். பதிவில் தவறு இருப்பது பின்னால் தெரிந்தால் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 15-ஆம் பிரிவின்படி திருத்தலாம். பெயர் இல்லாமலும் பதியலாம். 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளலாம்.