பிறந்த கன்றுக்குக் கழிச்சல்: நஞ்சு விழும்வரை காத்திருக்க வேண்டாம்

கேள்வி: சேரன்மகாதேவி பக்கம் நாலு ஜெர்சி கலப்பு மாடு வைத்திருக்கிறேன். ஐப்பசியில் ஒரு கன்று, கார்த்திகையில் ஒரு கன்று, இரண்டும் பிறந்த மூன்றாம் நாள் தண்ணீராய்க் கழிந்து செத்துவிட்டன. அதே தொழுவில் நிற்கிற தாய்க்கும் பெரிய கன்றுகளுக்கும் ஒன்றுமில்லை. நஞ்சு (நஞ்சுக்கொடி) விழுந்த பிறகுதான் பால் ஊட்டினோம். செரிக்காது என்று சீம்பாலும் கொஞ்சமாகவே விட்டோம். தையில் இன்னொரு மாடு ஈனப்போகிறது. எங்கே தப்பு?

பதில்: இரண்டு கன்றை அடுத்தடுத்து இழப்பது பெரிய வேதனை, அண்ணாச்சி. தாய்க்கு ஒன்றுமில்லை, கன்று மட்டும் போகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, நோயின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது.

முதல் நாலைந்து நாளில் தண்ணீராய்க் கழிவதற்குப் பெரும்பாலும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவில் ஒரு வகைதான் காரணம். ஈ.கோலை எல்லா மாட்டுக் குடலிலும் உண்டு, பெரும்பாலானவை கெடுதல் செய்யாதவை. இந்த வகைக்கு மட்டும் உடம்பைச் சுற்றி மயிர் மயிராய் நுண்ணிய இழைகள் இருக்கும். கே99 என்று அதற்குப் பெயர். வரப்பில் நடந்து வந்தால் வேட்டி ஓரமெல்லாம் ஒட்டுப்புல் அப்பியிருக்கும் இல்லையா, அதேபோல இந்த இழைகளால்தான் கிருமி குடல் சுவரைப் பிடித்துக்கொள்கிறது. பிடி இல்லாவிட்டால் குடலின் ஓட்டத்தில் சாணத்தோடு வெளியே போய்விடும். குளிர்ந்த இடத்தில் கிருமி இந்த இழைகளை உண்டாக்குவதில்லை. கன்றின் உடம்புச் சூடு கிடைத்ததும் உண்டாக்கும்.

ஒட்டுப்புல் துணியில் ஒட்டும், பாலிதீன் தாளில் ஒட்டாது. கே99 இழை பற்றுவதற்குக் குடல் செல்லின் மேல் ஒருவகைச் சர்க்கரைக் கொழுப்பு வேண்டும். பிறந்த கன்றின் குடலில் அது நிறைய இருக்கும், நாள் ஆக ஆகக் குறைந்துவிடும். அதனால்தான் ஒரே தொழுவில், ஒரே கிருமிக்கு நடுவே, பெரிய கன்று நன்றாக நிற்கிறது.

ஒட்டிய கிருமி குடலைக் கிழிப்பதில்லை. இருந்த இடத்திலிருந்தே ஒரு விஷத்தை விடும், அதனால் குடல் செல்கள் உப்பையும் தண்ணீரையும் குடலுக்குள் கொட்டத் தொடங்கும். இப்படிச் செத்த ஒரு கன்றை அறுத்துப் பார்த்திருக்கிறேன். குடலில் புண் இல்லை, ரத்தம் இல்லை, உள்ளே வெறும் மஞ்சள் தண்ணீர். கண் மட்டும் குழிக்குள் போயிருந்தது. உடம்பில் நீர் வற்றித்தான் அது செத்தது.

இனி சீம்பால். நம் பக்கத்தில் நஞ்சு விழாமல் மடியில் வாய் வைக்கவிடக் கூடாது என்பது பழைய வழக்கம். தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள். கன்று சீம்பால் குடிக்கும்போது மாட்டுக்குக் கருப்பை சுருங்கி, நஞ்சு விழவும் அது உதவும். சீம்பாலில் உள்ள நோய் எதிர்ப்புப் பொருள் கன்றின் ரத்தத்துக்குள் போகும் வழி பிறந்தது முதலே குறைந்துகொண்டு வந்து, 24 மணி நேரத்தில் அடைத்துக்கொள்ளும். ஆறு மணி நேரம் நஞ்சுக்குக் காத்திருந்தால் நல்ல பங்கு போயிற்று. 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர் கணக்கு. பாதியை இரண்டு மணி நேரத்துக்குள், மீதியை 12 மணி நேரத்துக்குள் கொடுங்கள். செரிக்காமல் போகாது.

இரண்டாம் நாள், மூன்றாம் நாள் சீம்பாலைத் திரட்டுப்பாலுக்கு எடுத்துவிடுகிறோம். அதுவும் கன்றுக்குத்தான் வேண்டும். ரத்தத்துக்குள் போகாவிட்டாலும் குடலுக்குள்ளேயே அந்தப் பொருள் இழைகளின் மேல் படிந்து மூடிவிடும், கிருமிக்குப் பிடி கிடைக்காது.

அப்புறம், கழிச்சல் கண்டுவிட்டால் கழுத்துத் தோலைக் கிள்ளி விடுங்கள். உடனே படியாமல் மடிப்பாக நின்றால் நீர் வற்றுகிறது என்று அர்த்தம். மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் சொன்ன அளவு வெந்நீர் ஆறவைத்துக் கரைத்து, பால் வேளைகளுக்கு நடுவில் நாளுக்கு மூன்று நான்கு லிட்டர் வரை கொடுக்கலாம். பாலில் கலக்காதீர்கள், பாலை நிறுத்தவும் வேண்டாம். வீட்டுச் சீனி, கருப்பட்டி போட்டுக் கரைப்பது வேண்டாம். கன்றின் குடலால் அதைச் செரிக்க முடியாது, கழிச்சல் கூடும். விரலை வைத்தால் சப்பாத கன்றுக்குப் புட்டியில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். அதற்கு நரம்பில் நீர் ஏற்றினால்தான் உண்டு. உடனே கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்குப் போன் செய்யுங்கள், அல்லது ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். ஆன்டிபயாடிக் வேண்டுமா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

இரண்டும் மழை மாதத்தில் போனதைக் கவனித்தீர்களா? தொழு ஈரமாக இருந்தால் மடியில் சாணம் அப்பும், முதல் வாயிலேயே கிருமி உள்ளே போகும். தையில் ஈனப்போகிற மாட்டுக்கு இப்போதே மற்ற மாடுகள் கட்டாத ஒரு மூலையை ஒழித்து, சுண்ணாம்பு அடித்துக் காயப்போடுங்கள். ஈனும் அன்று புது வைக்கோல் விரித்து, மடியை வெந்நீரில் கழுவித் துடைத்துவிட்டுக் கன்றை விடுங்கள். நஞ்சு தன் நேரத்துக்கு விழட்டும். 12 மணி நேரம் தாண்டியும் விழாவிட்டால் மருத்துவரைக் கூப்பிடுங்கள், நீங்களாகப் பிடித்து இழுக்க வேண்டாம்.